நாலாவது ஸ்டிக்கருக்கு அடியில்

மண்ணூர்பேட்டை அனுசுயா ஆம்னி வேன் வாங்கிய அன்று பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துத்தான் வாங்கினாள். டயரை உதைத்துப் பார்த்தாள். கதவை இழுத்துச் சாத்திப் பார்த்தாள். பின்சீட்டைக் கழற்றிவிட்டால் சாம்பார் அண்டா நிற்குமா என்று சாண் போட்டுப் பார்த்தாள். நம்பர் பிளேட்டில் இருந்த 4563-ஐக் கூட்டினாள், ஒன்பது வந்தது. அவளுக்கும் ஒன்பது, புருஷன் துலுக்கானத்துக்கும் ஒன்பது. இதற்கு மேல் ஒரு வண்டியில் பார்க்க என்ன இருக்கிறது? ஆர்.சி. புத்தகம் இருக்கிறது. அதாவது, அது மட்டும்தான் இல்லை.

“ஆர்.சி.யா? வந்துகினே கீது அக்கா” என்றான் புரோக்கர் அருள். அண்ணனூர் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடை பெஞ்சுதான் அவனுடைய ஆபீஸ். “பழைய ஓனர் தொலைச்சிட்டாரு. டூப்ளிகேட்டுக்குப் போட்டாச்சு. நீ வண்டிய எடுத்துகினு போ. பேப்பரா வண்டி ஓட்டப் போவுது?”

நியாயமாகத்தான் பட்டது. நாலு டயருக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு, அனுசுயாவே ஓட்டிக்கொண்டு வந்தாள். துலுக்கானத்துக்கும் லைசென்ஸ் உண்டு. மூணாவது கியருக்கு மேல் தைரியம்தான் கிடையாது.

பக்கத்துத் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு மத்தியானச் சாப்பாடு அனுப்புவது அனுசுயாவின் தொழில். எட்டு வருஷம் ஷேர் ஆட்டோவில் அண்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனவள். எந்தத் தெருவின் வேகத்தடை எவ்வளவு ரசம் குடிக்கும் என்பது அவளுக்கு மனப்பாடம். சொந்த வண்டி வந்ததும் வேகத்தடைகளெல்லாம் பட்டினி கிடந்தன.

அது பொறுக்காமலோ என்னவோ, கம்பெனிக்கு ராகவன் என்று புது செக்யூரிட்டி ஆபீசர் வந்து சேர்ந்தார். வந்ததும் சட்டம் போட்டார். கேட்டுக்குள் நுழையும் வண்டிக்கெல்லாம் இனி பாஸ். பாஸ் வேண்டுமானால், சாப்பாடு கொண்டுவருகிறவர் பெயரிலேயே ஆர்.சி. இருக்க வேண்டும். இரண்டு மாசம் தவணை. இல்லையென்றால் ஆர்டர் வேறு ஆளுக்கு. அந்த வேறு ஆளிடம் புது வண்டி, புது ஆர்.சி. எல்லாம் தயார். சாம்பார் எப்படி என்று யாரும் கேட்கவில்லை. கம்பெனி நிற்கிற அதே நிலத்தில் அனுசுயாவின் அம்மா கூலிக்கு நாற்று நட்டவர். அன்றைக்கு அவரிடம் யாரும் பாஸ் கேட்டதில்லை. நாகரிகம் அதற்குள் அவ்வளவு முன்னேறிவிட்டது.

அருளுக்குப் போன் போட்டால் அடித்துக்கொண்டே இருந்தது. பெஞ்சுக்கே போய்ப் பிடித்தாள்.

“யார்கிட்டடா வாங்குன வண்டிய?”

“மாங்காடு பார்ட்டிகிட்டக்கா.”

“அவன் யார்கிட்ட வாங்குனான்?”

“அது அவனுக்கே தெர்லயாம்.”

பழைய வண்டி உலகத்தில் இது ஒரு சம்பிரதாயம். முதல் ஓனர் எதுவும் எழுதாத பெயர்மாற்றப் பாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். வாங்குகிறவன் தன் பெயருக்கு மாற்றாமல், அதே பாரத்தோடு அடுத்தவனுக்குத் தள்ளிவிடுவான். இந்த ஆம்னியும் அப்படியே கை மாறி மாறி வந்ததில், எங்கேயோ பாரமும் போய்விட்டது, புத்தகமும் போய்விட்டது. முதல் ஓனர் வந்து நின்றால்தான் பெயர் மாறும். துலுக்கானம் தன் போனில் வண்டி நம்பரைத் தட்டிப் பார்த்தார். ஓனர் பெயர் வந்தது. ஆனால் எழுத்துக்கு எழுத்து நட்சத்திரம் போட்டு மறைத்திருந்தது.

“இன்னாடி இது, ஆளு பேரா ஓட்டல் போர்டா? இத்தினி ஸ்டாரு கீது!”

மறுநாள் கேட்டில் ராகவனிடம் அவகாசம் கேட்டுப் பார்த்தாள். அவர் வண்டியின் முன்கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தார். “பாஸ் குடுத்தா மட்டும் எங்கம்மா ஒட்டுவீங்க? கண்ணாடி பூரா கோயிலா இருக்கு. முதல்ல ஒரு மூலைய காலி பண்ணுங்க.”

அவர் குத்தலாகத்தான் சொன்னார். அனுசுயா அதை வேலையாக எடுத்துக்கொண்டாள். ஆர்.சி. தன் கையில் இல்லை. மூலை தன் கையில்தானே இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை காலை தேங்காயெண்ணெய், வெந்நீரில் முக்கிய துணி, தோசைக் கரண்டி சகிதம் உட்கார்ந்தாள்.

“கத்தி எட்த்தாரட்டா?” என்றார் துலுக்கானம்.

“யோவ், ரவா தோசைய கத்தி போட்டா எடுப்பாங்க? சும்மா இரு.”

மேலே திருஷ்டிக் கண் ஒன்று முழித்துக்கொண்டிருந்தது. ஓரத்தில் எண்ணெய் விட்டு ஊறவைத்து முனையைத் தூக்கினாள். அடியில் ‘பிரஸ்’. மாங்காடு பார்ட்டிக்கு இஸ்திரிக் கடை என்று அருள் சொல்லியிருந்தான். பொய் என்று சொல்ல முடியாது. அதற்கு அடியில் வேளாங்கண்ணி மாதா. மாதாவுக்கு அடியில் பதினெட்டாம் படியோடு ஐயப்பன். வாங்கியவன் ஒவ்வொருத்தனும் தன் சாமியை முன்னவன் சாமியின் தலையிலேயே ஒட்டியிருக்கிறான். சாமிகளைக் குப்பையில் போட மனசு வராமல் அனுசுயா பிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். அங்கே அவர்கள் அக்கம்பக்கமாக, சண்டையில்லாமல் இருந்தார்கள்.

நாலாவதான ஐயப்பன் அலுங்காமல் எழுந்ததும் அடியில் ஒரு மஞ்சள் வட்டம். அனுசுயா துணியால் ஒற்றி ஒற்றிப் படித்தாள். ‘முல்லைவனம் அடுக்ககம், சேக்காடு. வாகன அனுமதி. பி-304.’

“யோவ், சட்டைய மாட்டு!”

“ஒம்போது, பத்து வருசம் ஆயிருக்கும்மே. ஆளு காலி பண்ணிகினு போயிருப்பான்.”

“போயிருந்தா போன எடத்துக்குப் போவோம்.”

எலுமிச்சை சாதம் ஒரு தூக்கில் எடுத்துக்கொண்டாள். தேவைப்பட்டால் காலில் விழுந்துவிடுவது என்றும் வழியிலேயே முடிவு செய்திருந்தாள்.

பி-304-இன் கதவைத் திறந்தவர் மனோகரன். தென்காசிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, ரிடையராகி, இங்கேயே தங்கிவிட்டவர். அனுசுயா வண்டி நம்பரைச் சொன்னாள். அவர் கதவைப் பிடித்துக்கொண்டார்.

“கோமளா! ஓடி வா! வந்துட்டாங்க!”

மனைவி கோமளா வருவதற்குள் அவர் உள்ளே போய் ஒரு தடித்த பைலோடு திரும்பினார்.

“நீங்கதானா திருப்பதியில ராங் சைடுல போனது?”

“நான் வாங்கி ஒரு மாசம்தான் ஆவுது சார்.”

“அப்ப கிருஷ்ணகிரி சிக்னல்?”

“இல்ல சார்.”

“ஹெல்மெட் போடாம வேன் ஓட்டினதுன்னு ஒண்ணு வந்துதே?”

“அது யாருமே இல்ல சார்.”

விஷயம் இதுதான். வண்டியை விற்று ஒன்பது வருஷம். பெயர் மாறாததால் யார் எங்கே தப்புச் செய்தாலும் அபராதச் செய்தி மனோகரன் போனுக்கு வந்தது. பயந்த மனுஷர்; அன்றன்றைக்கே கட்டிவிடுவார். வண்டியை வைத்து எவனாவது பெரிய காரியம் பண்ணி மாட்டிக்கொண்டால் போலீஸ் தன்னைத்தானே தேடி வரும் என்று, சைரன் கேட்டாலே பால்கனிக் கதவைச் சாத்துவார்.

“அந்த வண்டி பாக்காத ஊர் இல்லம்மா” என்றார் கோமளா. “இவர் என்னைத் திருநின்றவூர் தாண்டிக் கூட்டிட்டுப் போனதில்ல.”

யார் காலில் யார் விழ வேண்டும் என்பது அனுசுயாவுக்கு அந்த இடத்தில் விளங்கிவிட்டது. நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தவள் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

“சரி சார். நான் வேணா என் பேருக்கு மாத்திக்கிறேன்.”

“தாயே! நாளைக்கே வரேன்.”

“நாளைக்கு எனக்கு சமையல் கீது. புதன்கெழம?”

“எத்தனை மணிக்கு நிக்கணும்னு மட்டும் சொல்லுங்க.”

துலுக்கானம் திறந்த வாயை மூடாமலே காபி குடித்தார்.

புதன்கிழமை ஆர்.டி.ஓ. ஆபீசில் மனோகரன் இவர்களுக்கு முன்பே வந்து வரிசையில் நின்றார். புத்தகம் தொலைந்ததற்குப் போலீஸ் சான்றும் அவரே வாங்கி வைத்திருந்தார். ஓ.டி.பி. வந்தபோது ஹால் முழுக்கக் கேட்கும்படி வாசித்தார். கவுண்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, “ஒரு அபராதம்கூட நிலுவையில் இல்லாத பழைய வண்டியா!” என்று பக்கத்து சீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். முதலில் டூப்ளிகேட், பிறகு பெயர் மாற்றம். தவணை முடிய இரண்டு நாள் இருக்கும்போது தபாலில் அட்டை வந்தது. ஓனர்: அனுசுயா. ஒரு நட்சத்திரமும் இல்லை.

சேதி அண்ணனூர் பெஞ்சுக்கும் எட்டியது. அன்று சாயங்காலமே அருள் வந்து நின்றான்.

“அக்கா, ஒரு இண்டிகா கீது. ஏழு ஸ்டிக்கரு. நீ கொஞ்சம் எண்ண விட்டுப் பாத்தின்னா...”

“புக்கு எங்கடா?”

“வந்துகினே கீது.”

“எண்ணெயும் வந்துகினே கீது. போ நைனா.”

மறுநாள் மத்தியானம் ஆம்னி கேட்டில் நின்றது. ராகவன் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், ஆதாரோடு ஒத்துப் பார்த்தார். பிறகு வேறு வழியில்லாமல் பாஸைக் கொடுத்தார். கண்ணாடி மூலை பளபளவென்று இருந்தது.

“நல்லா சுத்தம் பண்ணியிருக்கீங்களே.”

“நீங்க சொன்னதுதான் சார்.”

தான் என்ன சொன்னோம் என்று ராகவனுக்கு ஞாபகம் இல்லை. அனுசுயா பாஸை நேராக ஒட்டி, உள்ளங்கையால் ஒரு தேய் தேய்த்து, முதல் கியர் போட்டாள். கேட் தூக்கப்பட்டது. பக்கத்தில் துலுக்கானம் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அப்போது ராகவன் சல்யூட் அடித்தாரா என்பதில் அந்த வீட்டில் இன்றுவரை இரண்டு கருத்து. அடித்தார் என்கிறாள் அனுசுயா. கொசு அடித்தார் என்கிறார் துலுக்கானம்.