வாடகைக்குப் போன ஜுவாலஜி லேப்

லேப் சாமான் சப்ளை செய்யும் கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. இப்போது மகள் வயிற்றுப் பேரன் ஸ்கூலுக்குப் போகிறான். இத்தனை காலத்தில் ஆசிட் பாட்டில் உடைந்து காலில் கொட்டியிருக்கிறது. மூடின ரூமில் ஃபார்மலின் நெடி ஏறி மயங்கி விழுந்திருக்கிறேன். அதையெல்லாம் நான் பயம் என்று சொல்ல மாட்டேன். உண்மையாகப் பயந்தது ஒரே ஒரு வாரம். எங்கள் வேன் டிரைவர் ஏழுமலையின் மகள் சந்தியா ஜுவாலஜி படிக்க எங்கே சேருவது என்ற பேச்சு நடந்த வாரம் அது.

லேப் வேலைக்கு வருகிற பிள்ளைகளும், பி.எஸ்சி ஜுவாலஜிக்கு இடம் தேடுகிற பிள்ளைகளும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தின் பெயரை எழுதவில்லை. நெடுஞ்சாலையில் போகிற யாருக்கும் அந்த மாதிரி கட்டடம் நாலைந்து கண்ணில் படும். அதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. அலமாரி நிறைந்தது

காஞ்சிபுரத்தில் எங்கள் கம்பெனியின் கிளை ஒரு தறிக்காரத் தெருவின் கடைசியில் இருந்தது. முன்பக்கம் ஆபீஸ், பின்பக்கம் குடோன். என் வேலை மைக்ராஸ்கோப் சர்வீஸ், அதோடு டெலிவரி. நானும் ஏழுமலையும் சேர்ந்துதான் போவோம். அவன் வாலாஜாபாத்காரன். ரைஸ் மில்லுக்குப் பின்னால் வீடு. என்னை அண்ணா என்பான், அவன் பிள்ளைகளுக்கு நான் பெரியப்பா.

சந்தியா அப்போது பிளஸ் டூ முடித்திருந்தாள். மில்லில் எலி தின்ன வரும் ஆந்தைகளைப் பார்த்து வளர்ந்த பெண். ஆந்தை கக்கிப் போடும் உருண்டையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்து, உள்ளே இருந்த எலி எலும்புகளைப் பேப்பரில் வரிசையாக அடுக்கி வைத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அவள் அம்மாவுக்கு அருவருப்பு. ஏழுமலைக்குப் பெருமை. நர்சிங் சேரச் சொல்லி சொந்தக்காரர்கள் பிடுங்கி எடுத்தார்கள். அவள் ஜுவாலஜிதான் என்று உட்கார்ந்துவிட்டாள்.

அரசு கல்லூரிக்கு அப்ளை செய்திருந்தாள். வெள்ளிக்கிழமை கலந்தாய்வுக்கு வரச் சொல்லி மெசேஜ் வந்திருந்தது.

அந்தத் திங்கட்கிழமை எங்களுக்குப் பெரிய லோடு. ஸ்பெசிமன் ஜார் நூற்றுக்கு மேல், ஸ்லைடு பாக்ஸ்கள், முயல் எலும்புக்கூடு, மைக்ராஸ்கோப்புகள். அந்தப் பல்கலைக்கழகத்தின் இரண்டாவது மாடியில் ஒரு நீள ஹால். புது அலமாரி, புது டேபிள், பெயிண்ட் வாசனைகூடப் போகவில்லை. தவளை, கடல்குதிரை, பாம்பு, சுறாக்குட்டி என்று வகைப்படி அடுக்கினோம். அங்கிருந்த ஒரு கிளார்க் ஒவ்வொரு ஜாரிலும் எங்கள் லேபிள் மேலேயே அவர்கள் ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு வந்தார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. புது டிபார்ட்மென்ட், புதுச் சரக்கு, அவ்வளவுதான்.

ஏழுமலை வாசலில் நின்று அந்த ஹாலையே பார்த்துக்கொண்டிருந்தான். மகளை நாளைக்கே கூட்டிவந்து காட்டப்போவதாகச் சொன்னான். மறுநாள் இன்ஸ்பெக்ஷன், கோர்ஸுக்கு அனுமதி கொடுக்கிறவர்கள் வந்து பார்ப்பார்கள். அது முடிந்ததும் மதியம் அட்மிஷனுக்கு வரும் பெற்றோரை லேப்பைச் சுற்றிக் காட்டுவார்கள் என்று கிளார்க் சொல்லியிருந்தார்.

செவ்வாய் சாயந்திரம் அவனே போன் செய்தான். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். சந்தியா ஒவ்வொரு ஜார் முன்னாலும் நின்றாளாம், கிளம்பவே மனசில்லையாம். இங்கேயே சேர்கிறேன் என்று சொல்லிவிட்டாளாம். சீட் போய்விடும் என்று சொன்னதால் மார்க் ஷீட், டி.சி. எல்லாம் ஒரிஜினலாகவே கொடுத்துவிட்டு வந்திருந்தான். நல்லது என்று நானும் சொன்னேன்.

2. அலமாரி காலியானது

புதன்கிழமை காலையில் முதலாளி என்னைக் கூப்பிட்டு, அதே இடத்துக்குப் போய் எல்லாச் சரக்கையும் எடுத்துவரச் சொன்னார். வேறு வண்டி நின்றிருந்தது. ஏழுமலைக்கு லீவு கொடுத்துவிட்டாராம்.

டேமேஜ் ஏதாவதா என்று கேட்டேன். அவர் கணினியைப் பார்த்துக்கொண்டே, "வாடகைக்குக் குடுத்தது சாமுவேலு. வேற கேள்வி கேக்காத" என்றார்.

அப்போதும் எனக்கு முழுசாக உறைக்கவில்லை. அங்கே போய் ஜார்களை இறக்கும்போதுதான் உறைத்தது. அலமாரி ஒன்றொன்றாகக் காலியாகிக்கொண்டே வந்தது. கிளார்க் கூடவே நின்று அவர்கள் ஸ்டிக்கரை உரித்தார். எலும்புக்கூட்டைத் தூக்கிய பிறகு அந்த ஹாலில் டேபிளைத் தவிர ஒன்றும் இல்லை. அடுத்த இன்ஸ்பெக்ஷன் எப்போது என்று வண்டிக்காரர் விளையாட்டாகக் கேட்டார். இனி இரண்டு வருஷம் கவலை இல்லை என்று கிளார்க் சிரித்தார்.

அந்த வருஷம் சேரும் பிள்ளைகள் எதைப் பார்த்துப் படிக்கும் என்று நான் கேட்கவில்லை.

குடோனுக்குத் திரும்பியதும் முதலாளி கதவைச் சாத்தினார். ஏழுமலையின் மகள் அங்கே சேரப்போவது அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அவனுக்கு லீவு. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"அவன்கிட்ட நீ எதையும் சொல்லிக்கினு இருக்காத. அந்த யுனிவர்சிட்டிய நடத்துற கரஸ்பாண்டன்ட் லேசான ஆள் இல்ல. கம்பெனியையும் மூடிருவான், உன்னையும் சும்மா விடமாட்டான். நான் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

எங்கள் ஊர் கூரத்துப் பக்கம் ஒரு காலனி. என் அப்பா கடைசிவரைக்கும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். இந்த ஒரு சம்பளத்தில்தான் பையனைப் படிக்கவைத்தேன். அவன் அப்போதுதான் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் தற்காலிக வேலையில் சேர்ந்திருந்தான். இந்த வயதில் என்னை யார் வேலைக்கு வைப்பார்கள்?

பஸ்ஸில் வீட்டுக்குக் கிளம்பினேன். ஸ்டாப்பில் இறங்கவில்லை. திரும்பி வாலாஜாபாத் பஸ் ஏறினேன். துணிச்சல் வந்து ஏறினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். சொல்லாமல் வீட்டுக்குப் போனால், அவள் அங்கே படிக்கிற மூன்று வருஷமும் ஏழுமலை பக்கத்தில் அந்த வேனில் உட்கார வேண்டும். அதை நினைத்தால் இன்னும் பயமாக இருந்தது.

விஷயத்தைச் சொன்னதும் ஏழுமலை நம்பவில்லை. தான் கண்ணால் பார்த்ததாகத் திரும்பத் திரும்பச் சொன்னான். சந்தியா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"மைக்ராஸ்கோப்பும் நம்மளுதா பெரியப்பா?"

ஆமாம் என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமைக்கு முன் ஒரிஜினல் கைக்கு வர வேண்டும். இல்லையென்றால் அரசு கல்லூரி இடமும் போய்விடும். நாளைக்குப் போய்க் கேட்கலாம் என்று முடிவானது. ஏழுமலை என்னைக் கூப்பிடவில்லை. நானாகத்தான் வருகிறேன் என்றேன். சொல்லும்போதே வேண்டாமே என்று மனசு அடித்துக்கொண்டது.

3. காத்திருக்கச் சொன்னார்கள்

வியாழக்கிழமை காலை சந்தியாவோடு மூன்று பேரும் போனோம். எங்களை உள்ளே விட்டதும் செக்யூரிட்டி கேட்டை இழுத்துச் சாத்தினார். தினமும் சாத்துகிற கேட்தான். எனக்கு மட்டும் அந்தச் சத்தம் வேறு மாதிரி கேட்டது.

அட்மிஷன் ஹாலில் பெற்றோர் கூட்டம். கவுன்டரில் ஒரிஜினல் கேட்டோம். கரஸ்பாண்டன்ட் வர வேண்டும், உட்காருங்கள் என்றார்கள். உட்கார்ந்தோம். எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் வேலை முடிந்து போனார்கள். மதியம் ஆகியும் எங்களை யாரும் கூப்பிடவில்லை. ஏழுமலை எழுந்து எழுந்து போய்க் கேட்டுவிட்டு, ஒவ்வொரு முறையும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினான்.

அப்போது வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். நல்ல சிரித்த முகம். சாப்பிட்டாச்சா என்று கேட்டான். பிறகு போனை நோண்டிக்கொண்டே மெதுவாகப் பேசினான்.

"கூரம்தான நீங்க? பையன் ஒரகடத்துல வேலை செய்றாப்புல இல்ல. பைக்லதான் போய்ட்டு வராப்புல போல."

அவ்வளவுதான். எழுந்து போய்விட்டான். போனை எடுத்துப் பையனுக்குப் பேச நினைத்தேன். நம்பர் கண்ணுக்குத் தெரியவே இல்லை. ஏழுமலையிடம் சொல்லவில்லை. சொன்னால் அவன் வா போகலாம் என்று எழுந்துவிடுவான். எழுந்துவிட மாட்டானா என்றுதான் எனக்கும் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் கரஸ்பாண்டன்ட் வந்தார். கூட நாலைந்து பேர். ஹாலில் இருந்த எல்லாரும் எழுந்து நின்றார்கள். அவர் ஏழுமலையைப் பார்த்து, கொடுத்த சர்டிபிகேட்டை அப்படியெல்லாம் திருப்பிக் கேட்கக்கூடாது, யுனிவர்சிட்டி ரூல் என்று ஒன்று இருக்கிறது என்று ஆரம்பித்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"நீ லேப் கம்பெனி ஆள்தான? உனக்கு இங்க இன்னா வேலை?"

தெரிந்த பிள்ளை சார் என்று ஏதோ முனகினேன். எனக்கே கேட்கவில்லை.

சந்தியா நாற்காலியை விட்டு முன்னால் வந்தாள். துப்பட்டா நுனியைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள். குரல் சன்னமாகத்தான் வந்தது. ஆனால் ஹாலே அமைதியாக இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

"சார், நான் இன்னும் சேரல. ஜுவாலஜி லேப்ப இன்னொரு தடவை காட்டுங்க. பாத்துட்டு இங்கயே சேர்ந்துடறேன்."

லேப் பூட்டியிருக்கிறது, சாவி இல்லை என்றார் ஒருவர். சாவி வரும் வரைக்கும் இருக்கிறேன் என்றாள். மெயின்டனன்ஸ் நடக்கிறது என்றார் இன்னொருவர். வெளியே கண்ணாடி வழியாகப் பார்த்தால் போதும் என்றாள். அவள் எதிர்த்துப் பேசவில்லை. கேட்டதையே கேட்டுக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், மகனோடு வந்தவர், மெல்ல எழுந்தார். திருப்பருத்திக்குன்றத்துப் பக்கம் விவசாயம் செய்கிறவர் என்று முன்னாடி பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். தன் பையனும் அதே கோர்ஸ்தான் என்றும், கூடவே தாங்களும் பார்த்துவிடலாமா என்றும் பவ்யமாகக் கேட்டார். அவர் பக்கத்தில் இருந்த ஒரு அம்மாவும் எழுந்தார். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. லேப் காட்டப்போகிறார்கள் என்று நினைத்து எழுந்தவர்கள்தான்.

கரஸ்பாண்டன்ட் அவர்களைப் பார்த்தார். பிறகு சந்தியாவைப் பார்த்தார். முகத்தில் கோபம் தெரியவில்லை. கவுன்டர் பக்கம் திரும்பி, இவர்கள் பேப்பரைக் கொடுத்து அனுப்பு என்றார். இரண்டே நிமிஷத்தில் கவர் வந்தது. காலையில் இருந்து கிடைக்காத கவர்.

வெளியே வரும்போது அந்த வெள்ளைச் சட்டைக்காரன் கேட் அருகில் நின்றான். எனக்குத் தலையை ஆட்டி வணக்கம் சொன்னான். நானும் சொன்னேன். பஸ் ஏறும் வரைக்கும் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

4. பிறகு

மறுநாள் சந்தியாவுக்கு அரசு கல்லூரியில் இடம் கிடைத்தது. அந்த லேப் எனக்குத் தெரியும். மழைக்கு ஒழுகும். மைக்ராஸ்கோப் எல்லாம் பழசு. ஆனால் சர்வீஸுக்குப் போகும்போதெல்லாம் ஃபோகஸ் திருகு தேய்ந்து, லென்ஸில் விரல் ரேகை படிந்து கிடக்கும். பிள்ளைகள் தொட்டுப் பார்க்கிற இடம் என்று அதிலேயே தெரியும். கலந்தாய்வுக்குப் போகும் வழியில் அவளிடம் இதைத்தான் சொன்னேன்.

எனக்கு வேலை போனது. முதலாளி என்னைத் திட்டவில்லை. வர வேண்டாம் என்று மட்டும் சொன்னார். ஏழுமலையும் சில மாதத்தில் வேறு வண்டிக்குப் போய்விட்டான். நான் சொந்தமாக மைக்ராஸ்கோப் சர்வீஸ் செய்ய ஆரம்பித்தேன். பழைய கல்லூரிகள் சில கூப்பிட்டன, சில கூப்பிடவில்லை.

என் பையனை யாரும் எதுவும் செய்யவில்லை. ஆனால் அதை நம்ப எனக்கு ரொம்ப நாள் பிடித்தது. ஷிப்ட் முடிந்து அவன் பைக் சத்தம் கேட்கும் வரைக்கும் சாப்பாடு இறங்காது. தெருவில் தெரியாத வண்டி மெதுவாகப் போனால் எழுந்து வாசலுக்குப் போவேன். இன்றைக்கும் பஸ் அந்தக் கட்டடத்தைத் தாண்டும்போது நான் மறுபக்கம் பார்த்துக்கொள்வேன். அன்று ஹாலில் இருந்த மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று தெரியாது. அந்தப் பெரியவர் மகனை எங்கே சேர்த்தார் என்று அடிக்கடி நினைப்பேன்.

படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். அட்மிஷனுக்குக் கூப்பிடும் நாளில் போய்ப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கிளாஸ் நடக்கிற ஒரு சாதாரண நாளில் போங்கள். அங்கே படிக்கும் பிள்ளையைப் பிடித்து, போன வாரம் பிராக்டிகலில் என்ன பார்த்தாய் என்று கேளுங்கள். பார்த்து முடிக்கும் வரைக்கும் ஒரிஜினலைக் கையை விட்டு விடாதீர்கள்.

சந்தியா இப்போது எம்.எஸ்சி படிக்கிறாள். போன பொங்கலுக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் உனக்குப் பயமே இல்லையா என்று கேட்டேன்.

"கால் நிக்கவே இல்ல பெரியப்பா" என்றாள். "நீங்களும் பயந்துக்கினேதான வந்தீங்க. அத்தப் பாத்துதான் எழுந்தேன்."

காபி ஆறுகிறது, குடி என்று மட்டும் சொன்னேன்.