கைப்பிடி டீச்சர் மேடை ஏறிய நாள்

அந்தப் பள்ளிக்கூடத்து மாடிப்படிக்கு ஒரு காலத்தில் இரும்புக் கைப்பிடி இருந்தது. துருப்பிடித்துவிட்டது என்று அதைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். புதியதைக் கொண்டுவரப் போனவர்கள் போனவர்கள்தான். படியின் ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் வெறும் காற்று, கீழே சிமென்ட் தரை. மாடியில் மூன்று வகுப்புகள், எல்லாம் பொடிசுகள். பொடிசுகளை ஏன் மேலே வைத்தீர்கள் என்று கேட்டுவிடாதீர்கள். கீழே ஓர் அறையில் ஆபீஸ், இன்னோர் அறையில் உடைந்த பெஞ்சுகள். பெஞ்சு அரசாங்கச் சொத்து, அதைப் பத்திரமாக வைக்க வேண்டாமா?

மூன்றாம் வகுப்பு டீச்சர்தான் அந்தக் காற்றை அடைத்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தார். மணி அடித்தால் வகுப்பிலிருந்து முதலில் பாய்ந்து வெளியே வருவது அவர்தான். படி திரும்புகிற இடத்தில், விளிம்போரமாகக் காலை அகட்டி நின்று கையை நீட்டுவார். பிள்ளைகள் ஒவ்வொன்றாக அந்தக் கையைப் பிடித்துத் திரும்பி இறங்கும். கடைசிப் பிள்ளை தரையில் கால் வைக்கும்வரை அவர் அசையமாட்டார். பிள்ளைகளே அவருக்குக் கைப்பிடி டீச்சர் என்று பெயர் வைத்தார்கள். அதற்கு அவர் கோபித்துக்கொண்டதில்லை.

மனுக் கொடுக்காமலும் இல்லை. கொடுத்ததெல்லாம் கிணற்றில் போட்ட கல். ஒரே ஒருமுறை கட்டடப் பிரிவு அதிகாரி நேரில் வந்தார். படியை மேலும் கீழும் பார்த்தார்.

"இத்தனை வருஷத்துல யாராவது விழுந்திருக்காங்களா?"

"இல்ல சார். நான் நிக்கிறேன், அதனால விழல."

"நீங்க நிக்கிறதெல்லாம் கணக்குல வராது டீச்சர். அப்படி ஒரு வேலையே கிடையாது. பிள்ளைங்க விழுந்த ஸ்கூலே இன்னும் வரிசையில நிக்குது. அழுத பிள்ளைக்குத்தான் பால்."

பெற்றோர்கள் சேர்ந்து ஒரு மரச்சட்டம் அடித்துத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். வெளியாட்கள் சுவரில் ஓட்டை போடக் கூடாது என்றார் அதிகாரி. படி விளிம்போரம் டீச்சர் கட்டியிருந்த கயிற்றையும் அவிழ்க்கச் சொல்லிவிட்டுப் போனார். பார்ப்பதற்கு அசிங்கமாக இருக்கிறதாம்.

அவர் பின்னால் வந்த கிளார்க் மட்டும் கொஞ்சம் தங்கி, டீச்சரின் காதோரம் சொன்னார்: "ஒருநாள் லீவு போடுங்க டீச்சர். ஒண்ணு ரெண்டு கை ஒடியும். மறுவாரமே கம்பி வந்துரும்." கெட்ட மனிதர் இல்லை அவர், ஆபீஸ் எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர். அன்று பஸ்ஸில் வரும்போது, ஒரே ஒரு நிறுத்தம்வரை, டீச்சர் அதை யோசித்துப் பார்த்தார். அடுத்த நிறுத்தத்தில் தன் மேலேயே அருவருப்பு வந்துவிட்டது. மறுநாளிலிருந்து காய்ச்சல் என்றால்கூட லீவு போடுவதில்லை என்று வைத்துக்கொண்டார்.

முழங்கால் இரண்டும் தேய்ந்தன. அவர் பெற்ற மகள், வேறொரு பள்ளி வாசலில், எல்லாப் பிள்ளைகளும் போன பிறகும் வாட்ச்மேனோடு உட்கார்ந்து அம்மாவுக்காகக் காத்திருந்தாள். "உனக்கு அந்தப் பிள்ளைங்கதான் பிள்ளைங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மோட்டார் மெக்கானிக்கான கணவர் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டபடி சொல்வார்: "நீ பேசாம இரும்புக் கம்பியாவே பொறந்திருக்கலாம். துருப்பிடிச்சா பிடுங்கிட்டுப் போயாவது இருப்பாங்க." மூவரும் சிரிப்பார்கள். வேறென்ன செய்வது?

இப்படியிருக்கும்போது, சிறந்த ஆசிரியர் விருது அவருக்கு என்று ஒருநாள் செய்தி வந்தது. விபத்தே இல்லாத பள்ளி என்று மேலிடம் பெருமைப்பட்டதாம். விழா பள்ளி நேரத்திலேயே, ஊர் நடுவில் இருந்த பெரிய அரங்கத்தில். டீச்சருக்குச் சந்தோஷம் இல்லாமல் இல்லை. மகள் அன்று முதல்முறையாக அம்மாவின் புடவையைத் தானே எடுத்து வைத்தாள்.

மற்ற வேலைகளை விட்டுவிட்டு டீச்சர் முதலில் போய்ப் பிடித்தது ஓவிய வாத்தியாரை.

"கடைசி மணிக்கு நீங்கதான் நிக்கணும் சார். உங்க காலைத் தொட்டுக் கேட்டுக்கிறேன்."

"என்ன டீச்சர் இது, நான் நிக்கமாட்டேனா? நீங்க நிம்மதியா போய்ட்டு வாங்க."

அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் டீச்சர் காலையிலேயே கிளம்பிப் போன பிறகு மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. அரங்கத்தில் நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன, ஆசிரியர்கள் எல்லோரும் வந்து கைதட்ட வேண்டும். பிள்ளைகளை முன்னதாக வீட்டுக்கு அனுப்பலாமா என்று தலைமை ஆசிரியர் கேட்டார். வேலை நாள் குறையக் கூடாது என்று பதில் வந்தது. மாடியில் மூன்று வகுப்புகளையும் பியூனிடம் ஒப்படைத்துவிட்டு, எல்லோரும் ஒரே வேனில் ஏறிப் போனார்கள்.

மேடையில் டீச்சரை நடுவில் உட்காரவைத்திருந்தார்கள். பெரிய அதிகாரி மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இந்த அம்மையாரின் பள்ளியில் இத்தனை ஆண்டுகளில் ஒரு சிறு கீறல்கூட விழுந்ததில்லை" என்று முழங்கினார். அரங்கம் கைதட்டியது. கைதட்டியவர்களைப் பார்த்தார் டீச்சர். இரண்டாவது வரிசையில், எல்லோரையும்விடப் பலமாக, ஓவிய வாத்தியார் தட்டிக்கொண்டிருந்தார்.

டீச்சர் எழுந்துவிட்டார். பக்கத்திலிருந்த தலைமை ஆசிரியர் முந்தானையைப் பிடித்து இழுக்காத குறை.

"எங்க போறீங்க? உக்காருங்க டீச்சர்."

"சார், மணி அடிக்கப் போகுது. படியில யார் நிக்கிறா?"

"ஒருநாள்தானே டீச்சர்! போட்டோ எடுக்கணும், மானத்தை வாங்காதீங்க."

இந்த இழுபறியைக் கூச்சம் என்று நினைத்து அரங்கம் இன்னும் பலமாகத் தட்டியது. கழுத்தில் பதக்கம் விழுந்தபோது பள்ளியில் மணி அடித்துவிட்டிருந்தது. தலைமை ஆசிரியரின் போன் அதிர்ந்தது போட்டோ எடுத்துக்கொண்டிருக்கும்போதுதான்.

விழுந்தது வாலு. அந்த வருஷம் வகுப்பிலேயே குறும்பு அதிகமான பெண் என்பதால் டீச்சர் வைத்த செல்லப்பெயர். விழுந்த இடத்தில் முதுகு அடிபட்டுவிட்டது.

அந்த வாரம் முடிவதற்குள் கைப்பிடி வந்துவிட்டது. பளபளக்கும் எஃகு, இரண்டு பக்கமும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்வதில் நம் ஆபீஸ்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. கட்டடப் பிரிவு அதிகாரி தானே வந்து ஆட்டிப் பார்த்து, "இனிமே ஆனையே பிடிச்சு ஏறலாம்" என்றார். அவர் கையோடு கொண்டுவந்தது டீச்சருக்கு ஓர் ஓலை. மாடிப்படிப் பொறுப்பைத் தக்க ஏற்பாடில்லாமல் விட்டுச் சென்றது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். கிடையவே கிடையாது என்று சொன்ன வேலை, விட்டுப்போனதற்குத் தண்டனை தருகிற அளவுக்கு எப்போது வளர்ந்ததோ தெரியவில்லை.

டீச்சர் ஆஸ்பத்திரிக்குப் போனார். வாலு மல்லாந்து கிடந்தாள். தையல்கடையில் பட்டன் கட்டும் அவள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நடப்பாள் என்று டாக்டர் சொல்லவில்லை. நடக்கமாட்டாள் என்றும் வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான். டீச்சரைக் கண்டதும் வாலு கையை நீட்டினாள். டீச்சர் பிடித்துக்கொண்டார்.

"நான் ஓடல டீச்சர். ஒழுங்காத்தான் இறங்குனேன். திரும்புற எடத்துல கைய நீட்டுனேன்."



"பாத்து எறங்கியிருக்கணும் டீச்சர் இவ" என்றார் அம்மா. "நீங்க இல்லைன்னு கண்ணு தெரிய வேணாமா? யாரையும் சொல்லிக் குத்தமில்ல. தப்பு எம்பொண்ணு மேலதான்."

பேசாமல் இருந்திருக்கலாம். ஊரே அந்தப் பிள்ளையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தது. டீச்சரால் முடியவில்லை.

"அவ மேல தப்பில்லம்மா. கீழ பாத்தா தலை சுத்தும், பாக்கவே கூடாது, கைய மட்டும் நீட்டு, நான் பிடிச்சுக்குவேன்னு எல்லாப் பிள்ளைக்கும் நான்தான் பழக்கியிருந்தேன்."

அந்த அம்மா டீச்சரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மகளின் கையை டீச்சரின் கையிலிருந்து எடுத்துப் போர்வைக்குள் வைத்தார்.