பேசாலைக்காரருக்குக் கடல் ஒத்துவராதாம்

பயண ஏஜென்சி வேலை என்பது, எங்கே போவது என்று வீட்டிலேயே முடிவெடுத்துவிட்டு வருகிறவர்களிடம், எங்கே போகலாம் என்று சிரித்த முகத்தோடு கேட்கிற வேலை. லண்டன் ரெய்னர்ஸ் லேனில் ஒரு பலசரக்குக் கடைக்கும் நகைக்கடைக்கும் நடுவில் எங்கள் கந்தோர். பத்தொன்பது வருடமாக அங்கே கொழும்பு டிக்கெட் விற்கிறேன். கலியாணம், செத்தவீடு, மடு மாதா திருவிழா, நல்லூர்த் தேர். எங்கள் சனம் விமானம் ஏற இந்த நாலையும் விட்டால் ஐந்தாவது காரணம் கிடையாது. டிக்கெட் கவுண்டருக்குப் பின்னால் இருந்து பிழைக்கிற யாராவது இதை வாசித்தால், உங்களுக்கு என் பாடு தெரியும். மற்றவர்கள் பொறுமையாகக் கேளுங்கள்.

காரணமில்லாத பயணம்

பிலோமினா அக்கா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்பவர். மன்னாரில் மீன்பிடி ஊரான பேசாலை ஆள், மனுசனும் அதே ஊர். போன வருடம் வந்து கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததும், பழக்கதோஷத்தில் ஆருடைய கலியாணம் என்று கேட்டுவிட்டேன். மாசியில் தனக்கு அறுபது முடிகிறது, பிள்ளைகள், மருமக்கள், பேத்தி என்று ஏழு பேரும் ஒன்றாய்க் கப்பலில் போகவேண்டும், கரீபியன் கடலில் ஒரு வாரம், அதற்குத்தான் வந்தேன் என்றார்.

உள்ளே இருந்த எங்கள் முதலாளி குகன் அண்ணைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கே சொந்தக்காரர் இருக்கினமோ என்று விசாரித்தார். இல்லையாம். கோயில் இருக்கிறதோ என்றார். அதற்காகப் போகவில்லையாம். பிறகு ஏன் போகிறீர்கள் என்று அவர் கேட்டதுதான் தாமதம், அக்கா என்னை விட்டுவிட்டு அவர் பக்கமே திரும்பினார்.

"கலியாணமுமில்லை, செத்தவீடுமில்லை. சும்மா போகப்போறம். சும்மா போறதுக்கும் நீங்கள் டிக்கெட் விக்கிறனீங்கள்தானே?"

மூன்று பாதை, ஏழு வாய்

அடுத்த சனிக்கிழமை முழுக் குடும்பமும் வந்து இறங்கியது. கந்தோரில் நாலு கதிரைதான். மேசையில் படத்தை விரித்து மூன்று பாதையையும் காட்டினேன். மேற்குப் பாதை புளோரிடாவில் ஏறி மெக்சிகோ, கேமன், ஜமேக்கா என்று சுற்றும். கிழக்குப் பாதையும் புளோரிடாவில்தான் தொடங்கும், போர்ட்டோ ரிக்கோ, செயின்ட் தோமஸ் பக்கம் போகும். தெற்குப் பாதைக்கு லண்டனில் இருந்து நேரே பார்படோஸ் பறந்து, அங்கே கப்பல் ஏறி, சின்னச் சின்னத் தீவுகளைப் பார்த்துவிட்டு அங்கேயே வந்து இறங்கவேண்டும்.

மகன் றொஷானுக்கு மெக்சிகோவில் பழைய கோட்டை கொத்தளம் பார்க்கவேண்டும், ஆகவே மேற்கு. மகள் நிரோஷாவுக்குக் கடற்கரையும் கடைத்தெருவும் வேண்டும், ஆகவே கிழக்கு. இரண்டு பேரும் போனில் வீடியோ காட்டிக் காட்டி ஒரு மணித்தியாலம் சண்டை பிடித்தார்கள். மருமக்கள் இரண்டு பேரும் புத்திசாலிகள், வாயே திறக்கவில்லை. பேத்திக்கு நீச்சல் குளம் இருந்தால் எந்தப் பாதையும் சரி. தெற்கை ஒரு நாயும் சீண்டவில்லை.

இவ்வளவு அமளியிலும் மரியதாஸ் அண்ணை, அதாவது பிலோமினா அக்காவின் மனுசன், சுவரில் தொங்கிய சிங்கப்பூர் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். உங்களுக்கு எந்தப் பாதை விருப்பம் அண்ணை என்று கேட்டேன். திரும்பாமலே பதில் சொன்னார்.

"எனக்குக் கடல் ஒத்துவராது தங்கச்சி. ஆறு பேருக்குப் போடுங்கோ."

கேட்கக்கூடாத கேள்வி

லண்டனில் எங்கள் ஆட்கள் ஒருவரையொருவர் கேட்காத கேள்வி இல்லை. சம்பளம் எவ்வளவு, வீடு என்ன விலை, பிள்ளை ஏன் இன்னும் இல்லை, எல்லாம் தேத்தண்ணி ஆறுவதற்குள் கேட்டுவிடுவார்கள். ஆனால் விசா என்ன மாதிரி என்று மட்டும் முகத்துக்கு நேரே கேட்கமாட்டார்கள். அதற்குப் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும், அதனால் அது மரியாதை. நானும் அந்த மரியாதையில்தான் தவறு விட்டேன். எல்லாரும் பிரிட்டிஷ்தானே என்று பொதுவாக ஒரு கேள்வியைப் போட்டேன், பிள்ளைகள் ஓம் என்றார்கள், நானும் எழுதிவிட்டேன். ஆளாளுக்குப் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்திருக்கவேண்டும்.

இரண்டு நாள் கழித்துத்தான் பொறி தட்டியது. பேசாலையில் பிறந்து, பதினெட்டு வயது வரை தகப்பனோடு வள்ளத்தில் போய் மீன் பிடித்தவர் என்று அக்கா முந்திச் சொன்ன மனுசனுக்குக் கடல் ஒத்துவராதாம். அக்காவுக்குப் போன் எடுத்தேன். அவர் எல்லாவற்றையும் சொன்னார். இந்த நாட்டில் இருக்க விடுங்கோ என்று கேட்டு அண்ணை பதினொரு வருடம் நடந்திருக்கிறார். கடைசியில் அதிகாரிகள் நிரந்தரமாக இரு என்றார்கள். சரி, காணும், இனி ஒருத்தரிடமும் படிவம் நிரப்பி ஒன்றும் கேட்கமாட்டேன் என்று அன்றைக்குச் சொன்னவர்தான், பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கவே இல்லை. பிள்ளைகளுக்குத் தெரியாது. வெளிநாடு என்று வந்தால் ஷிப்ட் இருக்கிறது என்று அவர் நின்றுவிடுவார், ஊருக்குச் செத்தவீட்டுக்குத் தனியாகப் போய் வருவார். அந்தக் குடும்பம் ஒருநாளும் ஒரே விமானத்தில் ஏறியதில்லை. இந்தக் கப்பலே அதற்காகத்தான் என்றார் அக்கா.

"அவர் கடலுக்குப் பயந்தவரில்லை, பிள்ளை. வாசலில போய் நிண்டு கேக்கத்தான் மாட்டார்."

முதலாளியின் யோசனை

மேற்கும் கிழக்கும் அமெரிக்காவில் தொடங்குகின்றன. இலங்கைப் பாஸ்போர்ட்டோடு அங்கே போவதென்றால் விசாவுக்கு வரிசையில் நின்று, கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லவேண்டும். அண்ணை செத்தாலும் போகமாட்டார். மிச்சம் இருந்தது ஒருவரும் சீண்டாத தெற்குப் பாதை. அந்தக் கப்பல் நிற்கிற ஒவ்வொரு தீவுக்கும் தனித்தனியாக எழுதினேன். இலங்கைப் பாஸ்போர்ட்காரர் ஒருவர் வருகிறார், என்ன வேண்டும் என்று கேட்டேன். சில தீவுகள் ஒன்றும் வேண்டாம் என்றன. இரண்டு தீவுகள் முன்கூட்டியே விசா கேட்டன. அந்தப் படிவங்களை நானே நிரப்பினேன். அண்ணை கையெழுத்து மட்டும் வைத்தால் போதும் என்கிற அளவுக்குச் செய்து, அக்காவிடம் கொடுத்துவிட்டேன். கையெழுத்தோடு திரும்பி வந்தன. அக்கா என்ன மந்திரம் போட்டார் என்று நான் கேட்கவில்லை.

குகன் அண்ணைக்குப் பொறுக்கவில்லை. மூன்று கிழமையாக ஒரு குடும்பத்தோடு மாரடிக்கிறாய், பிள்ளைகள் கேட்கிற பாதையைப் போட்டு முடி என்று நச்சரித்தார். அந்த மனுசனை விட்டுவிட்டு ஒரு டிக்கெட்டும் இந்தக் கந்தோரில் அடிக்கமாட்டேன் என்று சொன்னேன். அவர் ஏதோ தத்துவம் சொல்கிற மாதிரி என் மேசையில் சாய்ந்துகொண்டார்.

"ஆறு பேர் ஏறினாக் காணும் தங்கச்சி. ஏழாவது ஆளுக்காகக் கப்பல் நிக்கப்போகுதே?"

பொய்க்கு வந்த பதில்

குடும்பம் இரண்டாவது தடவையாக வந்த சனிக்கிழமை. தெற்கைத் தொண்டை கிழியப் புகழ்ந்தேன். செயின்ட் லூசியாவின் வெந்நீர்ச் சேறு, கிரெனடாவின் சாதிக்காய், பார்படோசின் ஆமை. சாதிக்காய் எங்கள் பக்கத்துக் கடையிலேயே இருக்கிறது என்றாள் நிரோஷா. நேரே பறக்கலாம், மாறி ஏறத் தேவையில்லை என்றேன். பிலோமினா அக்காவும், என்ர பிறந்தநாள், என்ர பாதை என்று அடித்துச் சொன்னார். பிள்ளைகள் அசையவில்லை. றொஷான் என்னை ஒரு மாதிரிப் பார்த்து, அன்ரி, ஏன் சவுத்தையே புஷ் பண்ணுறீங்கள், அதுக்குக் கூடக் கமிஷனோ என்று கேட்டான். வேறு என்ன சொல்ல? ஓம், கூடக் கமிஷன் என்றேன். முகம் சுட்டது.

சிங்கப்பூர் படத்தடியில் நின்ற மரியதாஸ் அண்ணை அப்போதுதான் திரும்பினார். நேரே கவுண்டருக்கு வந்து, ஜாக்கெட்டின் உள்பையில் இருந்து சிங்கம் போட்ட இலங்கைப் பாஸ்போர்ட்டை எடுத்து மகனுக்கு முன்னால் வைத்தார். அந்தப் பிள்ளை உங்கட அப்பாவுக்காகப் பொய் சொல்லுது, என்னால பார்த்துக்கொண்டு நிக்க ஏலாது, இதுதான் என்ர புத்தகம் என்றார். குரலில் ஒரு வெட்கமும் இல்லை. நிரோஷா அதை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். கொழும்பு முத்திரைகளைத் தவிர ஒன்றுமில்லை. அவளுடைய பட்டமளிப்புக்குப் பிறகு எல்லாரும் ஸ்பெயின் போனபோது அப்பா ஏன் வரவில்லை என்று அவளுக்கு அந்த இடத்தில் விளங்கியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, பிரிண்டரில் பேப்பர் இருக்கிறதோ என்று பார்க்கிற மாதிரிக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது றொஷான் மேசையில் கிடந்த மெக்சிகோப் பாதைப் படத்தை மடித்துக்கொண்டிருந்தான்.

"சொறி அன்ரி. சவுத் போடுங்கோ. ஏழு பேர்."

அடையாளம்

பங்குனி தொடக்கத்தில் மரியதாஸ் அண்ணை வேலை ஜாக்கெட்டோடு தனியாக வந்தார். ஏழு பேரும் ஒரே வரிசையில் இருந்து பறந்தார்களாம். கப்பலில் றொஷான் இரண்டு நாள் குமட்டிச் சத்தி எடுத்துக் கட்டிலை விட்டு எழும்பவில்லையாம். கடல் ஒத்துவராதவர் மட்டும் மேல்தட்டில் நின்று, பேத்திக்கு நீரோட்டம் பார்க்கப் பழக்கினாராம்.

பிறகு பாஸ்போர்ட்டை விரித்துக் காட்டினார். கப்பலில் வந்து இறங்கி அன்றே திரும்பிப் போகிறவர்களுக்கு அநேகமாக ஒருவரும் முத்திரை குத்தமாட்டார்கள். அண்ணை ஒவ்வொரு தீவிலும் அதிகாரியைத் தேடிப் போய்க் கேட்டிருக்கிறார். ஒரு தீவில் தேவையில்லை என்று சொன்ன அதிகாரி அம்மாவுக்கு முன்னால், குடும்பம் முழுக்க வெயிலில் காத்து நிற்க, அரை மணித்தியாலம் அசையாமல் நின்றாராம். அந்த அம்மா கடைசியில் சிரித்துவிட்டுக் குத்தினாவாம். வாசலில் போய் நின்று கேட்கமாட்டார் என்று அக்கா சொன்னார், இப்போது தீவு தீவாய் வாசலில் நின்றிருக்கிறீர்களே என்று சீண்டினேன். அவர் பாஸ்போர்ட்டை மூடி உள்பையில் வைத்து, பையின் பொத்தானையும் பூட்டினார்.

"அது கெஞ்சினதில்லை, தங்கச்சி. நான் வந்தனான் எண்டு எழுதச் சொன்னனான்."

எங்கள் சனத்துக்குக் கடல் பயம் என்று ஆராவது சொன்னால் நம்பாதீர்கள், பயப்படுவதெல்லாம் கரையில் இருக்கிற கவுண்டர்களைப் பார்த்துத்தான், அதில் ஒன்றுக்குப் பின்னால் நானும் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன்.