தலை இல்லாத மீன்

ராசிக் நானா முதலில் தலையை வெட்டுவார், பிறகுதான் தராசைத் தேடுவார். கொட்டாஞ்சேனையில் மற்ற மீன்காரர்கள் செவுளைத் தூக்கிக் காட்டி விற்கும்போது, இவருடைய பலகையில் மட்டும் குளத்து மீன்கள் தலையும் குடலும் இல்லாமல் துண்டுகளாகக் கிடக்கும். "வீட்ட போய்க் கழுவி சட்டில போடுறது மட்டுந்தான் ஒங்கட வேல" என்பார். வேலைக்கு ஓடுகிற பெண்களுக்கு இது பெரிய உபகாரம். கொழும்பில் ஒருவர் செவுள் பார்க்காமல் மீன் வாங்குகிறார் என்றால் அது இவரிடம்தான்.

ஒல்லியான ஆள். மட்டக்குளியிலிருந்து பஸ்ஸில் வருவார். வாய் ஓயாது. கடல் மீன் விற்கும் பக்கத்துக் கடைக்காரரை "ஐஸ் யாவாரி" என்று சீண்டுவார். ஆனால் வீட்டுக்குப் போகும்போது அதே ஐஸ் யாவாரியிடம்தான் சாளை வாங்குவார். "கைருன்னிஸாவுக்குக் குளத்து மீன் மணம் புடிக்காது" என்று மனைவி மேல் பழியைப் போட்டுவிடுவார். நானும் நம்பினேன்.

போன மாதம் ஒரு மழைக் காலையில் வழக்கத்தைவிட முன்னே போய்விட்டேன். மீன் பெட்டி அப்போதுதான் திறந்திருந்தது. உள்ளே கிடந்த திலாப்பியாக்களில் பலவற்றுக்குக் கீழ்த்தாடை கோணிக் கண் பிதுங்கியிருந்தது. சிலவற்றுக்கு முதுகு முள் வளைந்து கூன் விழுந்திருந்தது. என்னைக் கண்டதும் சாக்கை இழுத்து மூடினார். மூடிப் பயனில்லை என்று தெரிந்ததும் தானே சொன்னார்.

"கரன்ட் எடுக்க எரிச்ச நிலக்கரிச் சாம்பல, இந்த மீன் வார குளத்துக்குப் பக்கத்தில கொட்டி வெச்சீக்கிறாங்க. மழ பேஞ்சா அந்தத் தண்ணி குளத்துக்குத்தான் வருது. மீன் சோதிக்க வந்த மிஸ் ஒராள் சென்னாங்க, நஞ்சு தாய் மீன்ட சதையில ஊறி முட்டைக்குப் போகுதாம். தாய் மீனப் பாத்தா வெளிய ஒண்டும் தெரியாது. குஞ்சுதான் கோணி வருது."

"அப்ப தலைய வெட்டினா நஞ்சு போயிடுமோ?"

"போகாது" என்றார், பலகையைப் பார்த்தபடி. "வெக்கமாத்தான் ஈக்கிது. வேற மீன் எடுக்க எனக்கு வழியில்ல."

எனக்கும் முகம் கூசியது. இவருடைய சுத்தத்தை ஊரெல்லாம் புகழ்ந்தவர்களில் நானும் ஒருவன். அதற்குப் பிறகும் கத்தி ஓடத்தான் செய்தது, பேச்சுத்தான் குறைந்தது. ஐஸ் யாவாரியைச் சீண்டுவதைக்கூட விட்டுவிட்டார்.

நேற்று, இவரிடம் வாடிக்கையாக மீன் வாங்கும் மேபல் அக்கா வந்தார். மகள் பிள்ளைத்தாச்சி. "கடல் மீன் மணத்துக்கே பிள்ள சத்தி எடுக்கிறாள், ராசிக். உன்ர குளத்து மீன் எண்டாத்தான் ரெண்டு வாய் சோறு இறங்குது. முட்டையோட இருந்தாப் பாத்துத் தா."

"மீன் முடிஞ்சி போச்சி, அக்கா."

"பெட்டி நிறையக் கிடக்குது?"

"அது வாணாம், அக்கா."

பின்னால் நாலைந்து பேர் நின்றார்கள். மேபல் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மத்த ஆக்களுக்குக் குடுக்கிற மீன என்ர பிள்ளைக்குக் குடுக்க ஏலாதோ?"

ராசிக் நானா கத்தியைப் பலகையின் ஓரத்தில் வைத்தார். பெட்டிக்குள் கையை விட்டு ஒரு மீனை எடுத்தார். வெட்டவில்லை. தலையோடு, அதன் கோணல் வாய் மேபல் அக்காவின் பக்கம் இருக்கும்படி, எல்லோருக்கும் முன்னால் பலகையில் வைத்தார்.