முடிவு தேதி: 31 டிசம்பர் 9999

சாந்தகுமாரி நிகழ்காலத்தில் இருப்பது கொஞ்ச நேரம்தான். காலையில் புனே வாகட்டில் பஸ் ஏறும்வரை இருப்பாள். விமான் நகரில் இறங்கி அலுவலக நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் போச்சு, 2061-க்கோ 2100-க்கோ கிளம்பிவிடுவாள். சம்பளமும் கொடுத்து கனவும் காண விடுகிறார்களே என்று பார்ப்பவர்களுக்குப் பொறாமையாக இருக்கும்.

அவள் பார்ப்பது சோதனை வேலை. அவளுடைய நிறுவனம் பென்ஷன் கணக்குக்கு மென்பொருள் எழுதுகிறது. பென்ஷன் என்பது இன்றைக்குச் சேர்ந்து எத்தனையோ வருஷம் கழித்து வாங்குவது. அன்றைக்குப் பார்த்து மென்பொருள் காலை வாரிவிடக் கூடாதல்லவா? அதனால் அதன் தேதியை முன்னால் தள்ளிவைத்துவிட்டு, அது என்ன கூத்தடிக்கிறது என்று பார்ப்பாள். 2100 பிப்ரவரியில் இருபத்தொன்பதாம் தேதி கிடையாது. உண்டு என்று சாதித்த மென்பொருளைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறாள். பழைய கணினிகள் சில, நொடிகளை எண்ணித்தான் தேதி சொல்லும். 2038 ஜனவரியில் அந்த எண்ணிக்கை நிரம்பி வழிந்து 1901-க்குத் திரும்பிவிடும். சோதனையில் அப்படித் திரும்பியபோது ஒரு பெரியவர் பிறப்பதற்கு முன்பே ஓய்வு பெற்றார். சாந்தகுமாரி அன்று பஸ்ஸில்கூடச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

தேதியைத் தள்ளிவைத்தபின் ஜன்னலைப் பார்ப்பது அவள் வழக்கம். திரையில் 2061 ஜூலை என்று இருந்தால், வெளியே பெய்வதும் 2061-இன் மழையாகிவிடும். யாரோ ஒருத்தி குடையை மறந்துவிட்டு அம்ருத்துல்யா டீக்கடையில் ஒதுங்கி நிற்பாள். மேகத்துக்குள்ளிருந்து விமானம் ஒன்று தாழ இறங்கும். அதில் வருபவர்களின் அப்பாக்களே இன்றைக்கு இன்னும் கல்யாணமாகாமல் இருப்பார்கள். இப்படியே போய்க்கொண்டிருப்பாள், பக்கத்து மேஜைக்காரர் செருமும்வரை.

சோதனைக்குக் கற்பனை ஆட்கள் வேண்டும். மற்றவர்கள் டெஸ்ட் ஒன்று, டெஸ்ட் இரண்டு என்று போட்டுவிட்டுப் போவார்கள். சாந்தகுமாரிக்கு அது ஆகாது. தலையும் காலும் உள்ள பெயராக யோசித்து யோசித்து வைப்பாள். ஒருநாள் யோசனை வற்றிப்போய், கணவர் வாசுதேவன் பெயரையே போட்டுவிட்டாள். சேர்ந்த தேதி போட்டாயிற்று. முடிவு தேதி? அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் மென்பொருள் முறைத்துக்கொள்ளும். ஆனால் ஒருவருக்கு முடிவு எப்போது என்று யாருக்குத் தெரியும்? அதற்காக மென்பொருள்காரர்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். முடிவு தெரியாத எல்லோருக்கும் 9999 டிசம்பர் 31 என்று போட்டுவிடுவது. அவளும் அதையே போட்டாள்.

அன்று சாயந்தரம் பால்கனியில் காபி குடிக்கும்போது சொன்னாள். வாசுதேவன் கட்கியில் ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோயம்புத்தூர்க் குசும்பு புனேக்கு வந்தும் குறையவில்லை.

"ஏம்புள்ள, என்னையச் சாகவே உடமாட்டயாட்ட இருக்குது?"

"சும்மா பேருதானுங்க."

"அப்ப உன்ற பேரையும் சேத்திப் போடு. அத்தன வருசம் நா மட்டும் தனியா உக்காந்துட்டு என்ன பண்றது?"

மறுநாள் முதல் வேலையாகத் தன் பெயரையும் சேர்த்தாள்.

மூன்று மழைக்காலம் முன்பு, காய்கறி வாங்கப் போன இடத்தில் வாசுதேவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. வங்கியில், காஸ் கம்பெனியில், குடியிருப்புச் சங்கத்தில் என்று கேட்ட இடத்திலெல்லாம் சாந்தகுமாரி அந்தத் தேதியை எழுதிக் கொடுத்தாள். சோதனைக் கணினி மட்டும்தான் கேட்கவில்லை. அங்கே வாசுதேவன் மாதம் தவறாமல் பென்ஷன் வாங்கினார். 2061-இலும் வாங்கினார், 2100-இலும் வாங்கினார். பைத்தியக்காரத்தனம்தான், அவளுக்குத் தெரியாதா? ஆனாலும் அவருக்கு முடிவு எழுதப்படாத இடம் உலகத்தில் அது ஒன்றுதான் மிச்சம். காலையில் கணினியைத் திறந்ததும் அந்தப் பெயரை ஒருமுறை பார்த்துக்கொள்வாள். அப்புறம்தான் வேலை ஓடும்.

போன வெள்ளிக்கிழமை மேலாளர் கோகுல்நாத் வந்து நின்றான். சென்னைப் பையன், அவளைவிட இருபது வயது சின்னவன், மரியாதை தெரிந்தவன்.

"மேடம், இந்தப் பழைய மெஷினை எடுத்துடப் போறாங்க. இன்னிக்கே திறந்திருக்கிற பதிவு எல்லாத்தையும் மூடிடுங்க. ஒவ்வொண்ணா ஒரு முடிவு தேதி போட்டாப் போதும்."

"என்ன தேதிங்க போடறது?"

"எதையாவது போடுங்க மேடம். எல்லாம் டம்மி ஆளுங்கதானே?"

ஆமாம் என்று தலையாட்டினாள். கற்பனை ஆட்களுக்கெல்லாம் வரிசையாகத் தேதி போட்டு மூடினாள். மத்தியானம் மற்றவர்கள் சாப்பிடப் போனபோது இரண்டு பெயர்கள் பாக்கி இருந்தன. வாசுதேவன். சாந்தகுமாரி.

அவருடைய கட்டத்தில் கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தது. உண்மைத் தேதியைப் போட விரல் வரவில்லை. எத்தனை இடத்தில் எழுதிய கை, இங்கே மரத்துப்போய்விட்டது. வாய்க்கு வந்த தேதியைப் போடலாம் என்றால், அவரைத் தானே ஒரு நாள் பார்த்து அனுப்பிவைப்பது போலிருந்தது. அழுகை வந்தது. அழுதாள். அறையில் யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

கண்ணைத் துடைத்தபோதுதான் அந்த யோசனை வந்தது. எத்தனையோ தேதிக்குப் போயிருக்கிறாள், கடைசித் தேதிக்குப் போனதே இல்லையே. மென்பொருளின் தேதியை 9999 டிசம்பர் 31-க்குத் தள்ளினாள். அது மறுபேச்சில்லாமல் போய் நின்றது.

ஜன்னலுக்கு வெளியே வெயில் மஞ்சளாகப் படுத்திருந்தது. முத்தா நதி அப்போதும் ஓடுமா? மெட்ரோ, ரிக்‌ஷா, வடாபாவ் எதுவும் இருக்காது. தமிழும் மராத்தியும் வேறு ஏதோ ஆகியிருக்கும். ஆனால் வாகட் பால்கனி மட்டும் அப்படியே அந்தரத்தில் இருந்தது. இரண்டு நாற்காலி, இரண்டு டம்ளர் காபி. அவர் பேப்பரை மடித்துத் தொடைமேல் வைத்துக்கொண்டு, "போலாமா புள்ள?" என்று கேட்டார். "இருங்க, இதைக் குடிச்சுட்டு" என்றாள் அவள். அவசரமே இல்லாத சாயந்தரம்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அன்றைய கணக்கை முடிக்கும் 'நாள் முடிவு' பொத்தானை அழுத்தினாள்.

மென்பொருள் கொஞ்ச நேரம் சுற்றியது. அன்று முடிகிறவர்களை எல்லாம் மூடியது. பிறகு நாளையைத் தேடிப் போனது. பத்தாயிரத்துக்கு ஐந்து இலக்கம் வேண்டும், அதனிடம் இருந்ததோ நான்கு கட்டம். வருஷம் 0000 என்று காட்டிவிட்டு அப்படியே நின்றுவிட்டது.

திரையில் இரண்டு வரிகள். இருவர் பெயருக்கு நேராகவும் ஒரே தேதி, 'மூடப்பட்டது'. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையால் எதையும் எழுதவில்லை.

கண்ட பிழையை எழுதாமல் விடுவது அவளுக்குப் பழக்கமில்லை. வருஷம் பத்தாயிரத்தில் மென்பொருள் நிற்கிறது, முடிவில்லாதவர்கள் எல்லோரும் முந்தின நாளே முடிந்துபோகிறார்கள் என்று எழுதி அனுப்பினாள். சாப்பிட்டுவிட்டு வந்த கோகுல்நாத் அதைப் படித்துச் சிரித்துக்கொண்டே வந்தான்.

"மேடம், பதிவு எல்லாம் மூடியாச்சு, சூப்பர். ஆனா இந்தப் பிழையை யாரு சரி பண்ணுவா? அந்த வருஷத்துல யாரு மேடம் இருக்கப் போறாங்க?"

சாந்தகுமாரி கைப்பையை எடுத்துக்கொண்டாள். டீ குடிக்க வேண்டும் போலிருந்தது.

"ரெண்டு பேரு இருப்பாங்க தம்பி," என்றாள். "அதுக்கு முந்தின நாள் சாயந்தரம் வரைக்கும்."