கல்லறைத் தோட்டத்தில் நாற்பத்து மூன்று மரங்கள்

நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஆபரேட்டராக இருந்த தைரியநாதன், திங்கட்கிழமை காலை முதல் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது மாரடைப்பால் காலமானார். செய்தியை எனக்குச் சொன்னவர் அவருடன் வேலை பார்க்கும் ஒருவர். உறுதிசெய்தவர் அவர் மனைவி லூர்து மேரி. இரண்டு பேரிடம் கேட்காமல் எதையும் எழுதுவதில்லை என்பது நிருபராக என் பழக்கம். இந்த முறை இரண்டாவது ஆளிடம் கேட்கப் போகையில், முதல் ஆள் சொன்னது தவறாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டே சைக்கிளை மிதித்தேன்.

சுரங்க நகரியத்தில் அவரை அறிந்தவர்கள் பலருக்கும் அவர் 'கல்லறை கலெக்டர்'. கம்மாபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கூலி வேலை செய்துவந்த குடும்பம். பெர்மனென்ட் வேலை கிடைத்த முதல் ஆள் அவர்தான். ஷிஃப்ட் முடிந்ததும் குவார்ட்டர்ஸுக்குப் போகாமல், அந்தக் கிராமத்து மாதா கோயிலுக்குப் பின்னால் உள்ள பழைய கல்லறைத் தோட்டத்துக்குச் சைக்கிளில் போய்விடுவார். கேன்டீனில் இது நித்திய கேலி. "என்னா கலெக்டரே, இன்னிக்கு எத்தினி பேரு எழுந்து வந்து மனு குடுத்தாங்க?" என்று ஒருவர் கேட்டார். "மனு குடுக்கறதெல்லாம் உன்ன மாதிரி உசுரோட சுத்திக்கினு இருக்கறவங்கதான். அங்க இருக்கறவங்களுக்கு ஒரு கொறையும் இல்ல" என்று இவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

சுற்றிலும் முந்திரியும் நெல்லும் இருக்க, ஏர் ஏறாத ஒரே நிலம் அது. முள்வேலியால் ஆடும் நுழையாது. உலக்கைப்பாலை, காரை, காட்டு எலுமிச்சை என்று வேறெங்கும் வெட்டி எரித்துவிட்ட மரம் செடியெல்லாம் அங்கே இருந்தன. பெயர் அழிந்த கல்லறைகளுக்கு நடுவே நட்சத்திர ஆமை ஊர்ந்துபோவதை நானே பார்த்திருக்கிறேன். பொந்து விழுந்த இலுப்பை ஒன்றில் ஒரு ஜோடி புள்ளி ஆந்தைகள். எல்லாவற்றையும் கோடு போட்ட நோட்டில் எழுதுவார். நிச்சயமாகப் பார்க்காததை எழுத மாட்டார்.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்கு முன்பு, குடும்பம் குடும்பமாக மண்வெட்டியோடு வந்து, மொத்த இடத்தையும் செதுக்கித் தீ வைத்துச் சுண்ணாம்பு அடிப்பது ஊர் வழக்கம். மழை பெய்து செங்காந்தள் பூத்திருக்கும் சமயமும் அதுதான். கல்லறை மேட்டை மட்டும் சுத்தம் செய்யுங்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டார். ஒரு பெண்மணி ஒப்பவில்லை. புல் முளைத்துக் கிடந்தால் பிள்ளைகள் மறந்துவிட்டார்கள் என்று ஊர் பேசும் என்றார். "நீ கொண்டாந்த பூவ மேல வையிக்கா. பக்கத்துல மண்ணே வச்சிருக்கிற பூவ வுட்டுடு" என்றார் இவர். அந்த வருஷம் பாதிப் பேர் கேட்டார்கள். மறு வருஷம் யாரும் தீ வைக்கவில்லை.

இரண்டாம் சுரங்கத்துக்கு நிலம் எடுக்கும் வேலை அந்தப் பக்கம் வந்ததும், கல்லறைத் தோட்டமும் போகலாம் என்ற பேச்சு எழுந்தது. அப்போது அவர் என்னிடம் சொன்னது: "பட்டா இருக்கறவங்க வூட்டுக்கு நோட்டீஸ் வரும்ங்க. எங்க ஆளுங்களுக்கு இந்த ஆறடிதான் நெலம். இதுக்கு யாரு பேருக்கு நோட்டீஸ் வரும்?" அந்த இடத்தைச் சுரங்க எல்லைக்கு வெளியே விடச் சொல்லி மனு எழுத என்னிடம் வந்தார். வெறும் மரப் பட்டியலை எந்த அலுவலகமும் படிக்காது, ஒவ்வொரு மரத்துக்கும் எண் போடுங்கள் என்று யோசனை சொன்னவன் நான். வெள்ளை பெயின்ட்டால் ஒன்றிலிருந்து நாற்பத்து மூன்று வரை எழுதினார். மனுவும் போனது.

சுரங்கத்துக்கு எடுக்கும் நிலத்தில், மதிப்பிட்டு முடித்த மரத்துக்கு எண் போடுவார்கள். எண் போட்ட மரம் வெட்டப்படும். வயற்காடெல்லாம் அதைப் பார்த்த ஊர்தான் அது. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். எண் போட்டபோது இருவருக்குமே அது தோன்றவில்லை.

இந்த வருஷம் மார்ச்சில், தவக்காலத்தில் ஒரு நாள், பக்கத்து வயல்களை வெட்டிக்கொண்டு வந்த கான்ட்ராக்ட் ஆட்கள் வேலியைத் தாண்டினார்கள். அன்று ஊரில் இருந்த லூர்து மேரி சுரங்கத்துக்கு ஆள் அனுப்பி, தைரியநாதன் போய்ச் சேர்வதற்குள் பதினொரு மரங்கள் விழுந்துவிட்டன. அவற்றில் எட்டாம் எண், ஆந்தைகள் இருந்த அந்த இலுப்பை. நானும் பின்னாலேயே போனேன். மேஸ்திரி கெட்ட மனிதர் அல்ல; திகைத்துப் போயிருந்தார்.

"நம்பர் இருக்குதுங்களே. நம்பர் இருந்தா வெட்டுன்னுதானே அர்த்தம்? யாரு போட்டது இத?"

"நான்தான் போட்டேன்" என்றார் தைரியநாதன்.

என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு ஆந்தைக் குஞ்சுகள் தரையில் கிடந்தன. ஒன்று செத்திருந்தது. மற்றதைக் கூடையில் வைத்துப் பக்கத்து மரத்தில் கட்டினார். பிறகு சாயங்காலம் வரை, மிச்சமிருந்த முப்பத்திரண்டு மரங்களின் எண்களையும் கத்தியால் சுரண்டினார். கூடையில் வைத்த குஞ்சு என்ன ஆயிற்று என்பதற்கு நோட்டில் 'தெரியவில்லை' என்று இருக்கிறது.

மறுநாள் நான் அனுப்பிய செய்தியில், "எண்ணிடப்பட்டிருந்ததால் தவறுதலாக மரங்கள் வெட்டப்பட்டன" என்று எழுதினேன். எண்ணிட்டது யார், எண்ணிடச் சொன்னது யார் என்பது அதில் இல்லை. அவர் படித்துவிட்டு, எழுத்துப் பிழை இல்லை என்று மட்டும் சொன்னார். கிராமத்தில் சிலர் அவரோடு பேச்சை நிறுத்தினார்கள். சொந்தக்காரர் ஒருவர், "சொரங்கத்து ஆளுதானே, உள்ள வழி காட்டிவுட்டுட்டான்" என்று கோயில் வாசலிலேயே சொன்னார். அதற்கும் அவர் என் பெயரை எடுக்கவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த 'நான்தான் போட்டேன்'. ஏழு மாதம் கழித்து, அவர் காதில் விழாத இடத்தில், என் பங்கை இப்போதுதான் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை அவரை அந்தப் பழைய தோட்டத்தில்தான் அடக்கம் செய்தார்கள். பேச்சை நிறுத்தியிருந்தவர்களே குழி வெட்டினார்கள். உலக்கைப்பாலை மரத்தின் வேரை அறுக்காமல் குழியை ஒரு முழம் தள்ளி வெட்டினார்கள்.

நிலம் எடுக்கப்பட்டால் புது இடத்துக்கு மாற்ற வேண்டிய கல்லறைகளின் பட்டியல் கோடையிலேயே முடிக்கப்பட்டுவிட்டது. அதில் அவர் கல்லறை இல்லை. சேர்க்கச் சொல்லி லூர்து மேரி நேற்று மனு கொடுத்தார். மரங்களைப் பற்றிய முந்தைய மனுவுக்கும் இன்னும் பதில் இல்லை. இரண்டுக்கும் சேர்த்து நவம்பர் இரண்டாம் வாரத்தில் பதில் வரும் என்று அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார்கள். கல்லறைத் திருநாள் அதற்கு முன்பே வந்துவிடுகிறது.