ஓரகத்தியின் அரை மணி

என் ஓரகத்தி விட்டுப்போன கடிகாரம் அலமாரியில் இருக்கிறது. உள்ளங்கை அளவு, வெள்ளை நிறம். திருகிவிட்டால் டிக் டிக்கென்று ஓடி, அரை மணி கழித்துக் கிர்ரென்று கத்தும். செங்கம் ரோட்டில் எங்கள் மாடி அறையில் குடியிருந்த வெள்ளைக்காரம்மா ஊருக்குப் போகும்போது கொடுத்தது. தினம் அந்த அம்மாவுக்கு வெந்நீர் கொண்டுபோனது நான். கொடுத்தது என் கொழுந்தனார் மனைவிக்கு.

அப்போது நாங்கள் இருவரும் கடைக்குத் துணிப்பை தைத்தோம். அவள் அதைத் திருகிவிட்டுத்தான் மிஷினில் உட்காருவாள். அடித்ததும் பாதித் தையலில் நிறுத்தி, வாசலில் போய் எதிரே தெரியும் மலையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். "வெள்ளக்காரம்மா இப்படித்தான் எழுதுவாங்கக்கா. நிறுத்தி நிறுத்தி செஞ்சா வேல ஜாஸ்தி ஆவும்" என்பாள். ஆகத்தான் செய்தது. கடைக்காரர் அவள் கட்டைத் தூக்கிப் பார்த்து, "சின்னம்மா கைதான் கை" என்பார். என் கட்டு ஓரமாகப் போகும். என் கை ஒன்றும் மெதுவில்லை. மாமியார் அவளைக் கூப்பிட்டால், "மணி அடிக்கல அத்தை" என்று உட்கார்ந்தபடியே குரல் கொடுப்பாள். உடனே, "பெரியவளே, நீயாவது வா" என்று சத்தம் வரும். தண்ணீர் பிடிக்க, அரிசி களைய, கீரைக்காரியிடம் பேச நான் எழுந்து போவேன். என் நேரம் கிழிந்து கிழிந்து போனதால்தான் அவளுடைய அரை மணி முழுசாக இருந்தது.

ஒருநாள் அவள் கோயிலுக்குப் போனதும் நானும் திருகிவிட்டு உட்கார்ந்தேன். மாமியார் கூப்பிட்டார். "மணி அடிக்கல அத்தை" என்றேன். அது என் காதுக்கே கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டார், போய்விட்டேன். அவள் உள்ளே நுழையவும் மணி கத்தவும் சரியாக இருந்தது. "இன்னாக்கா, மணிய தைக்க வுட்டுட்டு நீ எங்க போன?" என்று சிரித்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாமியார் போய்ச் சேர்ந்த பிறகு ஓரகத்தி தன் மகனோடு சென்னைக்குக் குடிபோனாள். "நீ வெச்சுக்கோக்கா" என்று அதை என் கையில் வைத்தாள். நேற்றுத்தான் எடுத்துத் திருகிவிட்டு, ரவிக்கைக்குக் கொக்கி வைக்க உட்கார்ந்தேன். அடுப்பங்கரையிலிருந்து மருமகள், "அத்தை, பால கொஞ்சம் பாருங்க" என்றாள். எழப் போனவள், எப்படியோ, "மணி அடிக்கலம்மா" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

"சரிங்க அத்தை, நானே பாத்துக்கறேன்" என்றாள்.

அவ்வளவுதான். வேறொன்றும் நடக்கவில்லை. இத்தனை லேசானதையா அவள் அத்தனை வருஷம் அனுபவித்தாள் என்று நினைக்க நினைக்க வயிறு எரிந்தது. கொக்கியும் வைக்காமல், அது அடிக்கும்வரை அந்த டிக் டிக்கையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.